திருகோணமலை எம்.பி. என்ன செய்கிறார்: வாக்கு, பேச்சு, செலவு மூன்றையும் பதிவு செய்யும் முறை

நாங்கள் நாலு பேர். பாலையூற்றில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடி எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களின் பதிவை எழுதி வருகிறோம். இடையில் பலர் வந்து சேர்ந்தார்கள், பலர் மூன்றாம் வாரமே நின்றும் போனார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் படிகளின் வரிசையைக் கீழே தந்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. யாரைப் பின்தொடர்வது என்று முதலில் முடிவெடுங்கள்

பாராளுமன்றத்தில் 225 பேர். அவர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து தெரிவானவர்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வந்தவர்கள். திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தேர்தல் தொகுதிகளும் சேர்ந்த நம் மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 1 என்று அவை பிரிந்தன.

புதிதாக வருபவர்கள் நாலு பேரையும் ஒரேயடியாக எடுப்பார்கள், அல்லது தாங்கள் வாக்களித்த ஒருவரை மட்டும் எடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஆளும் பக்கத்தில் ஒருவரையும் எதிர்ப்பக்கத்தில் ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வருடத்தில் 6 கேள்வி கேட்டார் என்றால் அது கூடவா குறையவா என்று தனியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால்தான் அளவு தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. அமைச்சரோ பிரதி அமைச்சரோ கேள்விக்கு விடை சொல்கிறவர், கேட்கிறவர் அல்ல. அவரைக் கேள்வி எண்ணிக்கையால் அளந்தால் அநியாயம் செய்தவர்களாவோம்.

மாகாண சபை உறுப்பினரைத் தேடி அலைய வேண்டாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. செயலகம் நம்மூரில் இயங்குகிறது, ஆனால் தெரிவான உறுப்பினர் என்று யாரும் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிஆர் கொப்பி, பீடீஎஃப் திறக்கக்கூடிய ஒரு தொலைபேசி, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பர். மூன்றாவதுதான் முக்கியம். பாராளுமன்றப் பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் பதியும் அறிக்கையான ஹன்சாட்டில் பேச்சு பேசிய மொழியிலேயே அச்சாகும், மொழிபெயர்ப்பு இருக்காது. நம் உறுப்பினர் தமிழில் கேட்ட கேள்விக்கு அமைச்சர் சிங்களத்தில் சொன்ன விடை சிங்களத்திலேயே கிடக்கும். கேள்வியை மட்டும் வாசித்துவிட்டு "விடை கிடைக்கவில்லை" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் உறுப்பினரின் பெயரை மூன்று மொழிகளிலும் ஹன்சாட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். பத்திரிகை எழுதுவது ஒரு மாதிரி, ஹன்சாட் எழுதுவது வேறு மாதிரி. சில பீடீஎஃப்களில் தமிழ் எழுத்துரு தேடலுக்குப் பிடிபடாது. பெயரைத் தட்டினால் "இல்லை" என்று வரும், பக்கத்தைத் திருப்பினால் ஆள் இருப்பார். அதனால் தேடலில் அகப்படவில்லை என்பதை ஒருபோதும் "பேசவில்லை" என்று பதியக்கூடாது.

3. ஆளிலிருந்து அல்ல, அமர்வு நாளிலிருந்து தொடங்குங்கள்

வழமையாகத் தடுமாறும் இடம் இதுதான். பேஸ்புக்கில் உறுப்பினரின் பக்கத்தைத் திறந்து, அவர் போட்ட காணொளிகளை எண்ணத் தொடங்குவார்கள். அங்கே அவர் பேசிய நாட்கள்தான் இருக்கும். பேசாத நாளும் வராத நாளும் இருக்காது.

பாராளுமன்றம் வழமையாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். வரவு செலவுத் திட்ட விவாதம் தொடங்கினால் கிட்டத்தட்ட தினமும். பாராளுமன்ற இணையத்தளத்தில் உள்ள நாட்காட்டியைப் பார்த்து, ஒரு மாதத்துக்கான அமர்வு நாட்களை முதலில் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாளுக்கு அரைப் பக்கம் விடுங்கள். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் மூன்று ஆவணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஒழுங்குப் பத்திரம். அன்று என்னென்ன எடுக்கப்படவிருந்தது என்று அதில் இருக்கும். அடுத்தது கூட்டறிக்கை. உண்மையில் என்ன நடந்தது, எது ஒத்திவைக்கப்பட்டது என்று சுருக்கமாக இருக்கும். கடைசியாக ஹன்சாட். சொல்லுக்குச் சொல் எல்லாமும் அதில்தான்.

ஏன் இந்த வரிசை? ஹன்சாட் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். முதல் இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் எந்த இடத்தைத் திறப்பது என்று தெரிந்திருக்கும். ஹன்சாட்டின் முன்பக்கத்தில் "பிரதான உள்ளடக்கம்" என்று ஒரு பட்டியல் மூன்று மொழிகளிலும் உண்டு. அதை முதலில் படியுங்கள். அதே பக்கத்தில் "பிழை திருத்தப்படாதது" என்று இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், பின்னால் திருத்திய பிரதி வரும்.

4. வாக்கு

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். வாக்கைப் பற்றித் தவறாக எழுதினால் மற்ற எல்லாவற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பெரும்பாலான விடயங்கள் குரல் வாக்கில் போய்விடும். சபாநாயகர் கேட்பார், "ஆம்" என்பார்கள், முடிந்தது. யாராவது வாக்கெடுப்புக் கேட்டால்தான் ஆளுக்காள் கணக்கு வரும். "வாக்கெடுப்பின்றி நிறைவேற்றப்பட்டது" என்று இருந்தால் உங்கள் உறுப்பினரின் நிரலில் "பதிவு இல்லை" என்று எழுதுங்கள். அவர் ஆதரித்தார் என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை.

வாக்கெடுப்பு நடந்திருந்தால் கொப்பியில் ஐந்தில் ஒன்றை எழுதுங்கள்: சார்பாக, எதிராக, வாக்களிக்காமல் விலகினார், சபையில் இல்லை, தெரியவில்லை. கடைசி மூன்றையும் ஒன்றாகக் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சபையில் இருந்துகொண்டு விலகியவர் ஒரு நிலைப்பாட்டைச் சொல்கிறார். வராதவருக்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம், தப்பிக்கும் எண்ணமாகவும் இருக்கலாம். "தெரியவில்லை" என்பது நம்முடைய குறை, அவருடையது அல்ல.

வராதவர்களை எண்ணிப் பழக ஒரு உதாரணம். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்று நிறைவேறியது. எல்லோரும் 46 வாக்கு வித்தியாசம் என்று பேசினார்கள். ஆனால் 108ஐயும் 62ஐயும் கூட்டினால் 170. சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை, சமமாக வந்தால்தான் அவருக்கு வாக்கு. அவரைக் கழித்தாலும் 54 பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வித்தியாசத்தைவிட அந்த எண்ணிக்கை பெரியது. அதனால் முதலில் கேட்க வேண்டியது, என் உறுப்பினர் அந்த 54 பேரில் ஒருவரா என்பதை.

அடுத்தது கட்சியை வைத்து ஊகிக்காதீர்கள். அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் 2020 ஒக்டோபர் 22 அன்று 156க்கு 65 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சி எதிர்த்தது. ஆனால் எதிர்க்கட்சிப் பக்கம் தெரிவான 8 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், அவர்களில் ஒருவர் நம் திருகோணமலை மாவட்டத்தவர். "கட்சி எதிர்த்தது, ஆகவே எங்கள் எம்.பி.யும் எதிர்த்திருப்பார்" என்று எழுதியிருந்தால் அன்று முழுப் பொய்யாகியிருக்கும். அன்றைக்கே இரட்டைக் குடியுரிமை பற்றிய பிரிவுக்குத் தனியாகவும் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு சட்டமூலத்துக்கு ஒரே ஒரு வாக்குத்தான் என்று நினைத்து முதல் பட்டியலோடு நின்றால் இதைத் தவறவிடுவோம்.

அதனால் எந்தக் கட்டத்தில் எடுத்த வாக்கு என்று தவறாமல் எழுதுங்கள். இரண்டாம் மதிப்பீடு, குழு நிலை, மூன்றாம் மதிப்பீடு மூன்றும் வேறு. இரண்டாவதில் பொதுவான நோக்கத்தை ஏற்றுவிட்டு, குழு நிலையில் தான் கேட்ட திருத்தம் போகாததால் மூன்றாவதில் எதிர்ப்பவர் முன்னுக்குப் பின் முரணாக நடந்தவர் அல்ல.

பெயர்ப் பட்டியலைத் தேடும் இடம் ஹன்சாட்டில் வாக்கெடுப்பு முடிவுக்கு அடுத்த பக்கங்கள். பெயர் சொல்லி அழைத்து எடுத்திருந்தால் ஒவ்வொருவரும் தெளிவாக இருப்பார்கள். எண்ணிக்கை மட்டும் இருந்தால் கூட்டறிக்கையைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் 8ஆம் படியில் உள்ள விண்ணப்பம்தான் வழி. பெயரை நீங்கள் மட்டும் தேடாமல், வேறொருவரிடமும் அதே பட்டியலைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரு தடவை நான் அடுத்த வரியில் இருந்தவரின் வாக்கை எங்கள் உறுப்பினருக்கு எழுதிவிட்டேன். அன்று இரண்டாவது ஆள் பார்த்ததால்தான் தப்பினோம்.

இரகசிய வாக்கெடுப்பை விட்டுவிடுங்கள். 2022 ஜூலை 20 அன்று ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவு செய்தபோது 134, 82, 3 என்று வாக்குகள் பிரிந்தன. யார் யாருக்குப் போட்டார் என்பதற்கு ஆவணம் கிடையாது. உறுப்பினரே மேடையில் சொன்னாலும் அது அவருடைய கூற்று, வாக்குப் பதிவு அல்ல.

5. பேச்சும் கேள்வியும்

பேச்சை நிமிடக் கணக்கில் அளக்காதீர்கள். எங்கள் கொப்பியில் நாலு நிரல்: விடயம், இடம், என்ன கேட்டார், என்ன விடை. "இடம்" என்ற நிரலில் குச்சவெளி, மூதூர், கிண்ணியா, வெருகல் என்று பிரதேச செயலகப் பிரிவை எழுதுவோம். மாவட்டத்தில் 11 பிரிவுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எந்தப் பிரிவின் பெயர் சபையில் ஒரு தடவைகூட வரவில்லை என்று தானாகவே தெரியும். எனக்கு இந்த நிரல்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது.

வாய்மூல விடைக்கான வினா, நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கட்சித் தலைவர்கள் எழுப்பும் கேள்வி, ஒத்திவைப்புப் பிரேரணை, தனி உறுப்பினர் பிரேரணை, விவாத உரை ஆகியவற்றைத் தனித்தனியே பதியுங்கள். வாய்மூல வினாவுக்கு அமைச்சர் விடை தரவேண்டியிருக்கிறது, விவாத உரைக்கு யாரும் விடை தராமலே போகலாம். ஆனால் முகநூலில் ஓடுவது உரைதான்.

கேள்வியைப் பதிந்தவுடன் அந்த வரியை மூடிவிடாதீர்கள். அமைச்சர் இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருப்பார். அப்படியானால் வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். விடை வந்தபிறகுதான் வட்டத்தை நிரப்ப வேண்டும். "சபாபீடத்தில் வைக்கப்பட்டது" என்று ஹன்சாட்டில் இருந்தால் விடை வந்துவிட்டது, வாசிக்கப்படவில்லை என்று பொருள். அதைப் புதியவர்கள் "விடை மறுக்கப்பட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வட்டம் நிரம்பாமல் மாதக்கணக்கில் கிடந்தால், உறுப்பினர் அதைத் திரும்பக் கேட்டாரா என்று பாருங்கள். ஒரு விடயத்தில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்பது முதற்கேள்வியில் தெரியாது, இரண்டாவதில் தெரியும்.

நேரம் குறைந்தவர்கள் வரவு செலவுத் திட்டக் குழு நிலையில் கடற்றொழில், காணி, துறைமுகம், எரிசக்தி அமைச்சுகளின் நாட்களை மட்டுமாவது பாருங்கள். திருக்கடலூர் மீனவர்களின் வலைப் பிரச்சினையும், எண்ணெய்த் தாங்கிகளும், புல்மோட்டைக் கனிய மணலும் அந்த நாட்களில்தான் பெரும்பாலும் வரும்.

குழுக்களையும் மறக்க வேண்டாம். கோப் (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் குழு), கோபா (அரசாங்கக் கணக்குக் குழு), துறைசார் மேற்பார்வைக் குழுக்களில் உங்கள் உறுப்பினர் இருக்கிறாரா என்று இணையத்தளத்தில் அவரின் பக்கத்தில் பாருங்கள். ஊரில் என்றால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. அங்கே எடுக்கும் முடிவுதான் வீதிக்கும் வாய்க்காலுக்கும் நேரே போகிறது. அதன் கூட்டக்குறிப்பைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டு வாங்கலாம்.

மந்திரி.எல்கே என்ற தளம் வெரிட்டே ரிசேர்ச் நடத்துவது. ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களின் பங்களிப்பை மும்மொழியிலும் தொகுத்திருக்கிறார்கள். உங்கள் பதிவைச் சரிபார்க்க நல்லது. ஆனால் தரவரிசை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், கீழே போய் எந்த உரைக்காக அந்தப் புள்ளி என்று பாருங்கள்.

6. வருகை

இது சிறிய வேலை. வருகைப் பதிவு நாளுக்கு ஒன்று. காலையில் வந்தவர் மாலை வாக்கெடுப்பு வரை இருந்தார் என்று அது சொல்லாது. எனவே வருகையையும் வாக்கையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் வையுங்கள். வந்த நாள், ஆனால் வாக்கெடுப்பில் இல்லை என்ற நாட்களே கேட்க வேண்டியவை. அரசியலமைப்பின்படி அனுமதியில்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராதிருந்தால் ஆசனம் வறிதாகும். நோய், வெளிநாட்டுப் பயணம் போன்றவற்றுக்குச் சபையில் விடுமுறை எடுத்திருந்தால் அதையும் எழுதுவது நம் கடமை.

7. செலவு: நாலு பைகள்

"எம்.பி. எவ்வளவு செலவழித்தார்" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் எந்த அலுவலகமும் விடை தராது. பணம் நாலு வேறு பைகளில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொறுப்பாளர்.

முதலாவது, பாராளுமன்றம் அவருக்குக் கொடுப்பது. மாதாந்தக் கொடுப்பனவு 54,285 ரூபாய். அதற்கு மேல் அமர்வுப் படி, அலுவலகப் படி, தொலைபேசி, எரிபொருள். எரிபொருள் தொகை மாவட்டத்தின் தூரத்தைப் பொறுத்தது, ஆகவே திருகோணமலைக்காரரைக் கொழும்புக்காரரோடு ஒப்பிட்டு "இவர் கூட எடுக்கிறார்" என்று எழுதாதீர்கள். அவர் பிரதி அமைச்சர் என்றால் வாகனமும் ஆளணியும் அமைச்சின் கணக்கில் இருக்கும், பாராளுமன்றத்தில் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது, அவர் முன்மொழிந்த அபிவிருத்தி வேலைகள். பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று சொல்வார்களே, அது. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் முன்மொழிவார், கச்சேரித் திட்டமிடல் பிரிவு ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போய் வேலை நடக்கும். அதனால் "தந்தார்" என்று பெயர்ப்பலகையில் இருப்பதை நம்பாமல், வேலையின் பெயர், ஒதுக்கிய தொகை, செலவான தொகை, முடிந்த திகதி நாலையும் கேளுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். பட்டியலில் "பூர்த்தி" என்று இருந்த ஒரு வடிகானைப் பார்க்கப் போனோம். பாதித் தூரத்துக்கு மூடிப் பலகை இருந்தது, மீதிக்குத் தென்னோலை போட்டிருந்தார்கள். அளவு நாடாவால் அளந்து, படம் எடுத்து, திகதியோடு கொப்பியில் ஒட்டினோம். அங்கே குற்றம் உறுப்பினருடையதா ஒப்பந்தக்காரருடையதா என்று நாங்கள் எழுதவில்லை. அளவை மட்டும் எழுதினோம்.

மூன்றாவது, தேர்தல் செலவு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி வேட்பாளர், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு விபரத்தைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவர்களும்தான். நன்கொடை தந்தவர் யார் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள், மொத்தத் தொகையைப் பிறகு.

நாலாவது, சொத்து. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் உறுப்பினர்கள் ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 வரையான சொத்து விபரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தளத்தில், தனிப்பட்ட விபரங்கள் மறைக்கப்பட்டு அவை போடப்படுகின்றன. ஒரு வருடத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வருடத்தை அருகருகே வைத்து, புதிதாக வந்தது எது, காணாமல் போனது எது என்று மட்டும் குறியுங்கள். கூடியிருந்தாலே களவு என்று எழுதுவது பதிவு அல்ல, பழி.

8. கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இது. இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதுங்கள். நம் மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, கொழும்புக்கு எழுதும்போதும் தமிழில் விடை கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

"ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். "எங்கள் எம்.பி. ஏன் எங்கள் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அது மனுவாகத்தான் போகும். இப்படி மாற்றினோம்:

"2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, பாராளுமன்ற உறுப்பினர்களின் முன்மொழிவின் பேரில் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் நிதி ஒதுக்கப்பட்ட வேலைகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் முன்மொழிந்தவர், ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, பூர்த்தியான திகதி."

ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் போதும். ஐந்தைச் சேர்த்தால் ஐந்திலும் கடினமானதற்காக மற்ற நாலும் காத்திருக்கும். எந்த அலுவலகத்தின் கையில் அந்த ஆவணம் இருக்கிறதோ அங்கேயே கொடுங்கள்.

கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்க வேண்டாம். எங்கள் முதல் விண்ணப்பத்தை ஒரு அலுவலகத்தில் வாங்கி மேசையில் வைத்தார்கள், நாங்களும் வந்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்துப் போனால் அப்படி ஒன்று வரவில்லை என்றார்கள். கையில் சீட்டு இல்லாததால் முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது பதிவுத் தபால், இல்லையென்றால் இரண்டாம் பிரதியில் முத்திரையும் திகதியும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ விடையே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. புதியவர்கள் கோட்டைவிடுவது முதல் மேன்முறையீட்டின் 14 நாளைத்தான். கோபத்தில் ஒரு மாதம் போய்விடும். ஒப்புகைச் சீட்டு வாங்கிய அன்றே இந்தத் திகதிகளைக் கலண்டரில் எழுதுங்கள்.

9. மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும்: ஹன்சாட் என்றால் திகதியும் நிரல் எண்ணும், கடிதம் என்றால் அதன் இலக்கம். ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி.

பிறகு அந்தப் பக்கங்களின் பிரதியை உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பி, பிழை இருந்தால் 10 நாட்களுக்குள் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். எங்களுக்கு ஒரு அலுவலகம் திருத்தம் அனுப்பியது. நாங்கள் "சபையில் இல்லை" என்று எழுதியிருந்த ஒரு நாளில் அவர் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். விடுமுறைக்கான பதிவையும் இணைத்திருந்தார்கள். அந்த வரியை அழிக்கவில்லை, பக்கத்தில் "விடுமுறை" என்று சிவப்பு மையால் எழுதித் திகதி போட்டோம்.

அடுத்த மாத அமர்வு நாட்கள் நாட்காட்டியில் வந்ததும் புதிய பக்கத்தைத் திறந்து, திகதிகளை முதலில் எழுதுங்கள்.